பன்னிரண்டாவது காய்ச்சல்

என் அத்தா ஹிதாயத்துல்லா 2009 அக்டோபர் 14, புதன்கிழமை, பகல் பதினொன்று நாற்பதுக்கு இறந்தார். இது மருத்துவமனைச் சீட்டில் உள்ள நேரம். உண்மையில் அதற்குச் சற்று முன்பாகவே இருக்கலாம். புதுச்சேரி கதிர்காமத்தில் சாலையோரம் ஸ்கூட்டரை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருக்கிறார். பழ வண்டிக்காரர் ஒருவர் பார்த்து ஆட்டோ பிடித்திருக்கிறார். அத்தாவுக்கு வயது ஐம்பத்தெட்டு.

நான் ஃபரீஹா, ஒரே மகள். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் அளவீட்டுக் கருவிகளைச் சரிபார்க்கும் பொறியாளர். வெப்பமானி நூறு என்று காட்டினால் அது உண்மையிலேயே நூறுதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

அத்தா மின்துறையில் போர்மேன். மாலை வேளைகளில் கேரம் நடுவர். இருபத்திரண்டு வருடம் அப்படி இருந்தார். கேரத்துக்கெல்லாம் நடுவர் உண்டா என்று கல்லூரியில் தோழிகள் கேட்பார்கள். உண்டு. போர்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். அடிக்கும்போது கை கோட்டைத் தாண்டியதா, சிவப்பு விழுந்த பிறகு அதற்குத் துணையாக இன்னொரு காய் விழுந்ததா என்று பார்ப்பார். ஃபவுல் என்றால் ஃபவுல் என்பார். பாயிண்ட் சொல்வார். ஆட்டம் நடக்கும்போது வேறு வார்த்தை பேசக் கூடாது. முடிந்ததும் ஸ்கோர் ஷீட்டில் எழுதி இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்குவார்.

தொடங்குவதற்கு முன் போர்டைச் சோதிப்பார். முழு வேகத்தில் அடித்தால் ஸ்ட்ரைக்கர் ஒரு சட்டத்துக்கும் எதிர்ச் சட்டத்துக்கும் இடையே மூன்றரைத் தடவை ஓட வேண்டும். மூன்றில் நின்றுவிட்டால் துடைத்துப் புதிதாகப் பவுடர் போடச் சொல்வார். உள்ளூர்ப் போட்டிகளில் வேறு யாரும் இதைப் பார்ப்பதில்லை. "ஹிதாயத் பாய் அம்பயர்னா வீட்ல சாப்ட்டுட்டு வந்துடு, ஆட்டம் தொடங்க எப்பிடியும் அரை மணி ஆவும்" என்று கிண்டல் செய்வார்கள். அத்தா காதில் வாங்கமாட்டார்.

2006இல் சர்வதேச நடுவருக்கான எழுத்துத் தேர்வில் தேறினார். ஆனால் அது பாதித் தகுதிதான். நான்கு வருடத்துக்குள் வெளிநாட்டில் நடக்கும் போட்டி ஒன்றிலாவது நடுவராக உட்கார்ந்தால்தான் தகுதி முழுமையாகும். நடுவர்களுக்கு வயது வரம்பு அறுபது. அத்தாவுக்கு 2010 டிசம்பரில் அறுபது முடியும்.

2008 நவம்பரில் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. அடுத்த மார்ச்சில் ஓர் அழைப்புப் போட்டி. எங்கள் ஊர்ச் சங்கத்திலிருந்து பதினொரு ஆட்டக்காரர்கள், ஒரு நடுவர். அந்த நடுவர் அத்தா. அன்று மாலையே நேரு வீதிக்குப் போய் ஒரு ஜோடி வெள்ளைக் கேன்வாஸ் ஷூ வாங்கி வந்தார். புது ஷூ சத்தம் போட்டால் ஆட்டக்காரர்களின் கவனம் சிதறும் என்று தினமும் மொட்டை மாடியில் அதைப் போட்டுக்கொண்டு நடந்தார். அம்மா துணி காயப்போடும்போது அவரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

"ஊருக்குப் போறதுக்கு நாலு மாசம் முன்னாடியே ஷூ மாட்டிக்கிட்டவரு நீங்க ஒருத்தர்தாங்க" என்றார் அம்மா.

"ஷூ பழகணும் சுரையா."

"மொதல்ல நீங்க பழகுங்க."

அழைப்பு எங்கள் ஊருக்கு வந்ததற்குக் காரணம் மஹ்ரூப். கொழும்புப் போட்டியின் தலைமை நடுவர். 1998இல் சென்னையில் நடந்த ஒரு போட்டியில் அத்தாவும் அவரும் ஒரே அறையில் தங்கினார்கள். அதிலிருந்து பழக்கம். மஹ்ரூப் யாழ்ப்பாணத்து முஸ்லிம். 1990இல் புலிகள் அங்கிருந்த முஸ்லிம்கள் அத்தனை பேரையும் வெளியேறச் சொன்னபோது, பெற்றோர், மனைவி, கைக்குழந்தையோடு வெறுங்கையாகக் கிளம்பியவர். புத்தளத்தில் முகாமில் பல வருடம் இருந்து, பிறகு அங்கேயே வீடு கட்டிக்கொண்டார். அத்தாவை நானா என்றுதான் அழைப்பார். அவர்கள் ஊர் முஸ்லிம்களிடையே அது அண்ணனைக் கூப்பிடும் சொல்.

2009 ஜனவரியில் வன்னியில் போர் மோசமானது. ஊரில் கடையடைப்பு நடந்தது. கல்லூரி மாணவர்கள் கடற்கரைச் சாலையில் கைகோத்து நின்றார்கள். எங்கள் தொழிற்சாலையில் ஒரு மனுவுக்குக் கையெழுத்து வாங்கியது நான். இலங்கையில் நடக்கும் எல்லா விளையாட்டுப் போட்டிகளையும் புறக்கணிக்க வேண்டும் என்று அந்த மனுவில் இருந்தது. வாசகம் என்னுடையது. முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து சேர்ந்தது.

அதை எழுதும்போது அத்தாவின் பயணம் எனக்கு நினைவில்லாமல் இல்லை.

பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமை கேரம் சங்கம் கூடியது. பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால், சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை. அத்தாவுடன் நானும் போனேன். செயலாளர் கலியமூர்த்தி கல்வித்துறையில் கண்காணிப்பாளர். போகக் கூடாது என்பதில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஐந்து நிமிடத்தில் முடிந்தது. மீதி ஒரு மணி நேரம், போகாததற்கு என்ன காரணம் எழுதுவது என்பதில் போனது.

"உண்மையான காரணத்தை எழுதுங்க சார்" என்றேன்.

"எழுதலாம்மா. நீ பிரைவேட் கம்பெனி, உனுக்கு இன்னா. இங்க பதினொருத்தர்ல பத்துப் பேரு கவர்மெண்டு. வெளிநாட்டு விவகாரத்துல கருத்து சொன்னான்னு மறுநாளே மெமோ குடுப்பான். நேஷனல் அசோசியேஷன்காரன் நம்ம சங்கத்தோட அங்கீகாரத்தப் புடுங்குவான். அப்பறம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல இந்த ஊர்ப் பசங்க ஒருத்தன் வேலைக்கிப் போவ முடியாது."

"அப்போ என்ன எழுதுவீங்க?"

"எம்.சி."

அறையில் எல்லோர் முகமும் தெளிந்துவிட்டது. எம்.சி. என்பது மருத்துவச் சான்றிதழ். எங்கள் ஊரில் அரசு வேலையில் இருப்பவர்கள் கல்யாணத்துக்குப் போனாலும், வீடு மாறினாலும், வேலைநிறுத்தம் செய்தாலும் எம்.சி.தான் கொடுப்பார்கள். அதில் பொய் சொல்கிறோம் என்று யாரும் நினைப்பதில்லை. அது ஒரு வகை விடுப்பு, அவ்வளவுதான்.

"எல்லாருக்கும் காய்ச்சல்னு போட்டா சந்தேகம் வரும் சார். எனக்கு மூட்டு வலி போடுங்க" என்றான் வெற்றிச்செல்வன். எங்கள் சங்கத்தின் முதல் நிலை ஆட்டக்காரன்.

"கேரம் ஆடுறவனுக்கு முட்டி எதுக்குடா? உக்காந்துதான ஆடுற? காய்ச்சலே போடு."

தேவதாஸ் எழுந்தான். குருசுக்குப்பத்தில் சொந்தப் படகு வைத்திருப்பவன். பதினொரு பேரில் அரசு வேலை இல்லாதவன் அவன் ஒருவன்தான். "எனுக்கு எதுக்கு சார் எம்.சி.? கடலுக்கா லீவு லெட்டர் குடுக்கப் போறேன்? நான் நெசத்த எழுதிப்புடறேன்."

"நீ நெசத்த எழுதினா மத்த பத்துப் பேரு பொய்யின்னு ஆயிடும்ல? நீயும் காய்ச்சல்லயே படு."

சிரிப்பு. தேவதாஸ் உட்கார்ந்தான்.

கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் எதுவும் ஏற்ற வேண்டாம் என்றார் கலியமூர்த்தி. "போர்டு பராமரிப்பு குறித்து விவாதிக்கப்பட்டது" என்று எழுதச் சொன்னார். பிறகு அத்தாவைப் பார்த்தார்.

"பாய், நீங்க ஒண்ணும் சொல்லலியே?"

"நாளைக்கிச் சொல்றேன்."

வீட்டுக்கு வந்து அத்தா சாப்பிட்டு முடித்தார். தட்டை எடுத்துவைத்துவிட்டு, "மஹ்ரூப் போன் பண்ணாரு" என்றார்.

"என்னவாம்?"

"நீங்களும் வராட்டி நான் ஆரோட கதைக்கிறதுன்னாரு."

"அத்தா, அங்க நடக்கிறது தெரிஞ்சும் நாம போய் ஆடினா எல்லாம் சரியா இருக்குன்னு அவங்க காட்டிக்குவாங்க. சவுத் ஆப்பிரிக்காவ அப்படித்தான் ஒதுக்கி வச்சாங்க. எந்த நாடும் அவங்களோட ஆடல. கடைசியில அவங்க மாறினாங்களா இல்லியா?"

"மாறினாங்க. டேவிஸ் கப் ஃபைனலுக்கு எழுபத்து நாலுல நம்ம நாடு போகாம இருந்திச்சி. அந்த வருசத்துக் கப்புல யார் பேரு இருக்கு?"

"சவுத் ஆப்பிரிக்கா."

"வாக்ஓவர். ஷீட்டுல அது ஜெயிச்ச கணக்கு. அதுக்கப்பறம் மண்டேலா வெளிய வர எத்தன வருசம்?"

"பதினாறு."

"மாஸ்கோவுக்கு எண்பதுல அமெரிக்கா போகல. ரஷ்யாக்காரன் ஆப்கானிஸ்தான விட்டு எப்ப கெளம்பினான்?"

"எண்பத்தொம்பதுல. அத்தா, ஒரே நாள்ல நடக்காதுதான். அதுக்காக ஒண்ணும் செய்யக் கூடாதா?"

"செய்யக் கூடாதுன்னு சொல்லல." கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "மஹ்ரூப் இன்னொண்ணும் சொன்னாரு. எங்கள வெளியேத்தினப்போ ஒருத்தரும் ஒரு ஆட்டத்தையும் நிப்பாட்டேல்லன்னாரு."

பதில் இல்லாதபோது நான் செய்வதையே செய்தேன். குரலை உயர்த்தினேன்.

"அங்க புள்ளைங்க செத்துட்டு இருக்கு. நீங்க போய்க் காய் எண்ணிக்கிட்டு உக்காரப் போறீங்களா?"

அம்மா என் கையைப் பிடித்து, "அத்தாகிட்ட இன்னா பேச்சு இது" என்றார். அத்தா எழுந்து போய்த் தொழுகைக்குக் கை கால் கழுவினார்.

மறுநாள் கலியமூர்த்தியிடம் தான் போகவில்லை என்று சொல்லிவிட்டார். ஆனால் எம்.சி. தரமாட்டேன் என்றார். கலியமூர்த்தி வீடு தேடி வந்தார். டீயைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் கெஞ்சினார்.

"பாய், ஒரு காய்ச்சல். நூறு டிகிரி. அதுக்கு மேல வேணாம்."

"எனக்குக் காய்ச்சல் இல்லியே செயலாளரே."

"யாருக்குத்தான் இருக்கு?"

அத்தா தன் கடிதத்தைத் தானே எழுதினார். நான்கு வரி. அதன் நகலை அவர் வைத்துக்கொள்ளவில்லை. தபாலில் போடும் முன் என்னிடம் படிக்கக் கொடுத்ததால் எனக்குத் தெரியும்: "போரில் பொதுமக்கள் கொல்லப்படுவதால் போட்டிக்கு வர என் மனம் ஒப்பவில்லை. என் உடல்நலம் நன்றாக உள்ளது. எந்த ஆட்டக்காரர் மீதும் எனக்கு வருத்தம் இல்லை. போர்டுகளை ஒருமுறை சோதித்துவிடவும்." ஒன்று தேசியச் சங்கத்துக்கு. ஒன்று தலைமை நடுவர் மஹ்ரூப்புக்கு.

மார்ச்சில் போட்டி நடந்தது. ஏப்ரல் முதல் வாரம் தேசியச் சங்கத்தின் கடிதம் வந்தது. விளையாட்டில் அரசியல் கருத்தைப் புகுத்தியதற்காக அத்தாவின் நடுவர் உரிமம் இரண்டு வருடம் நிறுத்திவைக்கப்பட்டது. 2011 ஏப்ரல்வரை. அதற்குள் அறுபது தாண்டிவிடும். அதே மாதம் துறையிலிருந்து மெமோ வந்தது. விளக்கம் கொடுத்தார். எச்சரிக்கை என்று பணிப் பதிவேட்டில் ஏறியது. முப்பத்தோரு வருடத்தில் அந்தப் பதிவேட்டில் ஏறிய முதல் குறை.

பதினொரு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நான் இணையத்தில் தேடினேன். நாங்கள் வராததைப் பற்றி அங்கே என்ன பேசினார்கள் என்று தெரிய வேண்டியிருந்தது. போட்டி பற்றி ஓர் ஆங்கிலச் செய்தி கிடைத்தது. ஏழு பத்தி. ஆறாவதில் ஒரு வாக்கியம்: புதுச்சேரி அணி காய்ச்சல் காரணமாகக் கலந்துகொள்ள இயலவில்லை, அவர்கள் விரைவில் குணமடைய ஏற்பாட்டாளர்கள் வாழ்த்துத் தெரிவித்தனர்.

அந்தப் பக்கத்தை அச்செடுத்து அத்தாவிடம் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"நடுவரப் பத்தி ஒண்ணும் போடலியே."

"இல்ல அத்தா."

ஒரு கருவி இன்னொன்றுக்குச் சமிக்ஞை அனுப்புகிறது. எதிர்முனையில் அது வந்துசேரவில்லை என்றால், அனுப்பிய பக்கம் எவ்வளவு மின்சாரம் செலவானது என்பது கணக்கில்லை. இது என் துறையில் முதல் வருடப் பாடம். புறக்கணிப்பு மனித உரிமைக்கு உதவுமா உதவாதா என்று வீட்டில் அவ்வளவு வாதம் செய்தோம். நாங்கள் செய்தது புறக்கணிப்பே இல்லை. அது பதினொரு பேருக்கு வந்த காய்ச்சல்.

மே மாதம் போர் முடிந்தது. அந்த வாரம் வீட்டில் டிவியை யாரும் போடவில்லை. மக்களை முள்வேலி முகாம்களில் வைத்திருப்பதாகச் செய்தி வந்தது. தொழிற்சாலையில் மறுபடி மனு எழுதலாமா என்று என்னிடம் கேட்டார்கள். யோசிக்கலாம் என்றேன். யோசிக்கவில்லை.

அத்தா மாலையில் சங்கத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. உரிமம் நிறுத்தப்பட்டவர் நடுவர் ஸ்டூலில் உட்காரக் கூடாது என்று விதி. பார்வையாளர் பெஞ்சில் உட்காரலாம். அவர் உட்காரவில்லை. சுவரோரம் நின்று பார்த்தார். ஆறு முதல் ஒன்பதுவரை. "உக்காருங்க பாய்" என்று பசங்கள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்கள். ஒருநாள் நான் அழைத்துவரப் போனபோது பார்த்தேன். புதிய நடுவர் போர்டைச் சோதிக்காமலே ஆட்டத்தைத் தொடங்கினார். அத்தா கால் மாற்றி நின்றார்.

ஆகஸ்டில் கலியமூர்த்தி ஒரு செய்தியோடு வந்தார். டிசம்பரில் கொழும்பில் மறுபடி போட்டி. எங்கள் அணியை அழைத்திருக்கிறார்கள். இந்தமுறை பதினொரு பேரும் போகிறார்கள். தேசியச் சங்கத்தில் அவர் பேசியிருந்தார். மார்ச் மாதம் தனக்கு உடல்நலம் சரியில்லை என்றும், முந்தைய கடிதம் தவறுதலாக அனுப்பப்பட்டது என்றும் அத்தா எழுதிக் கொடுத்து, கூடவே ஒரு எம்.சி. வைத்தால், தடையை நீக்கிவிடுவார்கள். டிசம்பர்ப் பட்டியலில் நடுவராகப் பெயரும் சேர்ப்பார்கள்.

அத்தா வேண்டாம் என்றார்.

கலியமூர்த்தி போன பிறகு நான் ஆரம்பித்தேன். பிப்ரவரியில் போகாதீங்க என்று பேசிய அதே வாய்.

"அத்தா, இதான் கடைசி வாய்ப்பு. அடுத்த வருசம் உங்களுக்கு அறுபது."

"தெரியும்."

"போர் முடிஞ்சிடுச்சு."

"முள்வேலிக்குள்ள வச்சிருக்காங்கன்னு நீதான சொன்ன?"

"நீங்க போகாததால அந்த வேலி ஒரு அடி நகர்ந்துச்சா? ஒருத்தருக்காவது தெரிஞ்சுதா? உங்க உரிமம் போனதுதான் மிச்சம்."

"அப்ப போகக் கூடாதுன்னு சொன்னது தப்பா?"

"தெரியல அத்தா."

"எனக்கும் தெரியல." சிரித்த மாதிரி இருந்தது. "நீ படிச்சவ, உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

ஒரு வாரம் விட்டுப் பிடித்தேன். அவருடைய கால் வலியை அம்மா சொன்னார். சுவரோரம் நிற்பதை நான் பார்த்திருந்தேன். எனக்கு அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. தெரிந்த டாக்டர் ஒருவரிடம் போய் எம்.சி. வாங்கினேன். கடிதத்தை அலுவலகக் கணினியில் தட்டச்சு செய்தேன். இரண்டையும் அத்தாவின் முன் வைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

"காய்ச்சல் நூத்தி ரெண்டுன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"அளந்தது யாரு?"

நான் பேனாவின் மூடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். முழுப் பெயர், ஸ்கோர் ஷீட்டில் போடுவது போல. பிறகு மாடிக்குப் போனார்.

செப்டம்பர் கடைசியில் தடை நீங்கியது. அக்டோபர் 9 அன்று டிசம்பர்ப் பட்டியல் வந்தது. நடுவர்கள் வரிசையில் நான்காவது பெயர். ஐந்து நாள் கழித்து அத்தா இறந்தார். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. இரத்தக் குழாயில் அடைப்பு. மூன்று வருடமாக இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

மறுநாள் அடக்கத்துக்குப் பதினொரு பேரும் வந்தார்கள். தேவதாஸ் உடலை வைத்த சந்தூக்குக்குத் தோள் கொடுத்தான். கலியமூர்த்தி பள்ளிவாசல் வாசலிலேயே நின்று அழுதார். நான் அழவில்லை. இன்னும் இல்லை. கருவி பழுதா, அளவு உண்மையிலேயே பூஜ்யமா என்று தெரியவில்லை.

இருபது நாள் கழித்து மஹ்ரூப் அழைத்தார். தாமதமாகத்தான் தெரிந்ததாம்.

"மகள், நானாட கடிதம் என்னட்டத்தான் கிடக்கு."

"எந்தக் கடிதம்?"

"மாசியில போட்ட கடிதம். நான் அதை ஏற்பாட்டாளர்களிட்டக் குடுக்கேல்ல. குடுத்திருந்தா, இப்பிடியான ஆக்களோட உனக்கு என்ன தொடர்பு எண்டு என்னைத்தான் கேட்டிருப்பினம். அந்த நேரம் அப்பிடி. சட்டைப் பைக்குள்ள வச்சிட்டன். நானாட்டையும் சொல்லேல்ல. வெக்கமாக் கிடந்தது."

"அப்போ அங்க யாருக்குமே தெரியாதா?"

"எனக்குத் தெரியும்."

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். அவரே தொடர்ந்தார்.

"டிசம்பருக்கு நானா வாறார் எண்டு பட்டியல்ல கண்டு நான் எவ்வளவு சந்தோசப்பட்டன் தெரியுமே. அதோட அந்தக் காய்ச்சல் சேர்ட்டிபிகேட்டையும் புதுக் கடிதத்தையும் அனுப்பி வச்சிருந்தினம். அது நானாட எழுத்தில்லை எண்டு உடனே விளங்கிற்று."

"அது என்னோடது மாமா."

"விளங்கிற்று மகள்." பிறகு, "கடிதம் வேணுமெண்டா அனுப்பிறன்" என்றார்.

வேண்டாம் என்றேன். உங்களிடமே இருக்கட்டும் என்றேன்.

அன்று இரவே உட்கார்ந்து தேசியச் சங்கத்துக்கு எழுதினேன். 2009 மார்ச்சில் என் தந்தைக்குக் காய்ச்சல் இல்லை. மருத்துவச் சான்றிதழை வாங்கியதும், கூட இருந்த கடிதத்தை எழுதியதும் நான். முதல் கடிதத்தில் இருப்பதே உண்மையான காரணம். கோப்பில் திருத்திக்கொள்ளவும். எனக்கு அந்தத் திருத்தம் தேவைப்பட்டது. அத்தாவின் கோப்பில் கடைசியாக இருக்கும் தாள் நான் செய்த பொய்.

பன்னிரண்டு நாளில் பதில் வந்தது. உறுப்பினர் மறைந்துவிட்டதால் அவருடைய கோப்பு மூடப்பட்டுவிட்டது, மூடப்பட்ட கோப்பில் திருத்தம் செய்வதற்கு விதி இல்லை, ஆழ்ந்த இரங்கல். மூன்றும் ஒரே வாக்கியத்தில்.

டிசம்பர் இரண்டாவது வாரம் அணி கிளம்பியது, மேலாளராகக் கலியமூர்த்தியும் கூட. சென்னைக்கு வேன். வழியனுப்ப நானும் போனேன். அத்தாவின் இடத்தில் வேறு நடுவர். வெற்றிச்செல்வன் என்னைப் பார்த்து, "நாங்க போறதுல உங்களுக்கு வருத்தம் இல்லியேக்கா?" என்றான். இல்லை என்றேன். உண்மையாகவே எதுவும் இல்லை, வருத்தமும் மற்றதும்.

தேவதாஸை மட்டும் தனியே கூப்பிட்டேன். "அங்க ஹால்ல, எல்லாரும் இருக்கும்போது, போன தடவ எங்களுக்குக் காய்ச்சல் இல்லன்னு சொல்லிட முடியுமா? எங்க அம்பயருக்கும் இல்லன்னு."

அவன் யோசிக்கவில்லை. "எனுக்கு இன்னாக்கா, என் படகப் புடுங்கிடப் போறானா? சொல்றேன்."

"பயமா இருந்தா வேணாம்."

"கடல்ல அடிக்கிற அலைய விடவா பயம்?"

மூன்றாம் நாள் மாலை கொழும்பிலிருந்து அழைத்தான். பின்னால் ஒரே இரைச்சல்.

"சொல்லிட்டேன்கா."

"எப்ப?"

"மொத ரவுண்டு தொடங்கறதுக்கு முன்னால. எல்லாத்தையும் நிக்கவச்சி வரவேற்பு குடுத்தாங்க. அப்ப கையத் தூக்கினேன். போன மார்ச்சுல எங்களுக்குக் காய்ச்சல் இல்ல சார், இங்க சனங்க சாவறாங்கன்னுதான் வரல, எங்க ஹிதாயத் பாய் மட்டுந்தான் அத எழுத்துல எழுதினாரு, அவரு மௌத்தாயிட்டாருன்னேன். தமிழ்லதான் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒருத்தரு பக்கத்தாள்கிட்ட சிங்களத்துல எடுத்துச் சொன்னாரு. அவரு தலைய ஆட்டினாரு. அப்பறம், சரி, ஒக்காருங்கன்னாங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்கா. கலியமூர்த்தி சார்தான் இன்னும் எங்கிட்ட பேசல. மஹ்ரூப் பாய் வந்து கையப் புடிச்சிக்கினாரு, ரொம்ப நேரம் வுடல. ஆட்டத்துக்கு லேட்டாவுதுன்னு நான்தான் இழுத்துக்கினேன்."

"ஜெயிச்சியா?"

"ரெண்டாவது ரவுண்டுல அவுட்டு. நாளானிக்கி வரோம்."

சரி என்று போனை வைத்தேன். யார் பேசியது என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டார். தேவதாஸ் என்றேன். அவன் சொன்னதை வரிசை மாறாமல் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு, முழுவதையும் கேட்டுவிட்டு, "இன்னொரு தடவ சொல்லு" என்றார். இன்னொரு தடவை சொன்னேன்.